கறை படிந்த பற்களுக்கு எந்த வெனீர்?

மரவேலை தெரிந்தவர்களுக்கு வெனீர் என்ற சொல் புதிதல்ல. தேக்கை மெல்லிய தாளாகச் சீவி பிளைவுட் பலகையின் மேல் ஒட்டிவிட்டால் பார்ப்பதற்கு முழுத் தேக்கு போலவே இருக்கும். அந்தத் தாளுக்குத்தான் வெனீர் என்று பெயர். பல் மருத்துவர்களும் இந்தச் சொல்லை இதே பொருளில்தான் எடுத்துக்கொண்டார்கள். சிரித்தால் வெளியே தெரிகிற பல்லின் முன்பக்கத்தில் அரை மில்லிமீட்டர் கனமுள்ள பீங்கான் தகட்டையோ பிசின் பூச்சையோ ஒட்டி, அடியிலிருக்கும் நிறத்தையும் வடிவத்தையும் மறைப்பது பல் வெனீர். இரண்டுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தச்சர் பலகையை அதிகமாக இழைத்துவிட்டால் வேறு பலகை வாங்கிக்கொள்ளலாம். பல்லின் எனாமலை உருவாக்குகிற செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுகின்றன. இழைத்த எனாமல் திரும்ப வளராது. எங்கள் தொழிலில் எதற்கெடுத்தாலும் 'அன்டூ' பொத்தானைத் தேடுவோம். இங்கே அந்தப் பொத்தான் கிடையாது.

இதில் எனக்கு என்ன அக்கறை என்று கேட்கலாம். நான் பிறந்து வளர்ந்தது தருமபுரி மாவட்டம், பாலக்கோட்டுப் பக்கம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன். அந்தத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம். என் வயதுக்காரர்கள் பலரின் முன்பற்களில் காவிப் பட்டைகள் இருக்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பதில் பாதி வெட்கம், மீதி பல். மேற்படிப்புக்கு மிச்சிகன் வந்து, மென்பொருள் வேலையில் அமர்ந்த பிறகும் புகைப்படத்தில் உதட்டை மூடிச் சிரிக்கும் பழக்கம் எனக்குப் போகவில்லை. "இந்தக் காலத்தில் இது ஒரு விஷயமா, வெனீர் போட்டால் இரண்டே வாரம்" என்று நண்பர்கள் சொன்னார்கள். கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று மருத்துவர்களைப் பார்த்தும், கிடைத்ததையெல்லாம் படித்தும் நான் தெரிந்துகொண்டதைத் தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவன் அல்லன். பொருள்களின் உறுதியைப் பற்றிப் பொறியியலில் படித்தது புரிந்துகொள்ள உதவியது, அவ்வளவுதான்.

எந்த வெனீர் என்ற கேள்விக்குள் நேராகக் குதிப்பதுதான் பெரும்பாலோர் செய்வது. அதற்கு முன் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கறை பல்லில் எந்த ஆழத்தில் இருக்கிறது? அதை மறைக்க எவ்வளவு எனாமலைக் கொடுக்க வேண்டும்?

கறை இருக்கும் இடம்

பல்லின் வெளி ஓடு எனாமல். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் கனிமம். கண்ணாடி போலக் கடினமானது, ஒளியை ஓரளவு உள்ளே விடுவது. மேல் முன்பல்லின் நுனிப்பக்கம் ஏறக்குறைய 1 மி.மீ. கனமாக இருக்கும். ஈறை ஒட்டிய இடத்தில் 0.3 முதல் 0.5 மி.மீ.தான். எனாமலுக்குக் கீழே இருப்பது டென்டின். இளமஞ்சள் நிறமுடையது, எலும்பைப் போன்றது, நுண்குழாய்கள் நிறைந்தது.

வெற்றிலை, காப்பி, தேநீர், புகையிலை ஆகியவற்றின் கறை எனாமலின் மேற்பரப்பில் படிவது. குளோரெக்சிடின் கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்தைப் பல வாரங்கள் பயன்படுத்தினாலும் இப்படிப் பழுப்பு படியும். பல் மருத்துவர் சுத்தம் செய்து மெருகேற்றினால் பெரும்பாலும் போய்விடும். இதற்கு வெனீர் என்பது, சுவரில் ஒட்டடை அடிக்காமல் புதுச் சுவர் எழுப்புவது மாதிரி.

ஃபுளூரோசிஸ் கதை வேறு. நிரந்தரப் பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் பருவத்தில், சுமார் 8 வயது வரை, அளவுக்கு மீறிய ஃபுளோரைடு உடம்பில் சேர்ந்தால் எனாமல் முழுமையாக இறுகாமல் நுண்துளைகளோடு நின்றுவிடுகிறது. இப்படிப்பட்ட பல் முளைக்கும்போது சுண்ணாம்பு வெள்ளையாகத்தான் இருக்கும். பழுப்பு பின்னால் வருவது. துளைகளுக்குள் உணவின் நிறங்கள் ஊறி ஊறிக் காவி ஏறுகிறது. தீவிரமான நிலையில் எனாமல் பெயர்ந்து குழிகளும் விழும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடு வரை ஏற்கிறது. இந்தியத் தரநிர்ணயம் 1 மில்லிகிராம். வேறு வழியில்லாத இடத்தில் மட்டும் 1.5. எங்கள் மாவட்டத்தின் பல கிணறுகள் இதைத் தாண்டியவை. காவிரி நீரைக் கொண்டுவந்து இதைத் தீர்ப்பதற்காகவே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் தீட்டப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்குள் எங்கள் தலைமுறைக்குப் பல் முளைத்து முடிந்துவிட்டது.

இந்தக் கறையின் காரணத்தைக் கண்டுபிடித்த கதையைச் சொல்லாமல் போக மனமில்லை. ஃபிரெடரிக் மெக்கே என்ற இளம் பல் மருத்துவர் 1901இல் அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் ஊருக்கு வந்தபோது, அந்த ஊரில் வளர்ந்தவர்களின் பற்களில் மட்டும் பழுப்பு இருப்பதைக் கண்டார். 1909இல் அன்றைய பல் மருத்துவ மேதையான ஜி. வி. பிளாக் அவரோடு சேர்ந்துகொண்டார். கறைபட்ட அந்தப் பற்களில் சொத்தை மிகக் குறைவாக இருந்தது அவர்களை வியக்கவைத்தது. தண்ணீரில்தான் ஏதோ இருக்கிறது என்று மெக்கே நம்பினார். ஆனால் அக்காலத்துப் பரிசோதனைகளில் ஒன்றும் பிடிபடவில்லை. 1931இல் அலுமினியக் கம்பெனியான அல்கோவாவின் வேதியியலாளர் ஹெச். வி. சர்ச்சில், பாக்சைட் என்ற ஊரின் தண்ணீரைச் சோதித்து ஃபுளோரைடைக் கண்டுபிடித்தார். முப்பது ஆண்டுத் தேடல் அது. இதன் தொடர்ச்சியாகத்தான், குறைந்த அளவு ஃபுளோரைடு சொத்தையைத் தடுக்கும் என்ற எண்ணம் வந்தது. உலகிலேயே முதன்முதலாகக் குடிநீரில் ஃபுளோரைடைச் சேர்த்த நகரம், நான் இப்போது குடியிருக்கும் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸ், ஆண்டு 1945. அமெரிக்காவில் இன்று பரிந்துரைக்கப்படும் அளவு 0.7 மில்லிகிராம். (2025இல் யூட்டாவும் ஃபுளோரிடாவும் இப்படிச் சேர்ப்பதைத் தடை செய்தன. அந்தச் சண்டைக்குள் நான் நுழையவில்லை.) ஓரிடத்தில் எடுக்கிறார்கள், ஓரிடத்தில் கலக்கிறார்கள், என் பல் இரண்டு ஊர்த் தண்ணீரையும் பார்த்திருக்கிறது.

மூன்றாவது வகை டெட்ராசைக்ளின் கறை. நம் பெற்றோர் தலைமுறையில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் தாராளமாகக் கொடுக்கப்பட்ட மருந்து இது. கால்சியத்தோடு இறுகப் பிணைந்து, உருவாகிக்கொண்டிருக்கும் டென்டினுக்குள் போய்த் தங்கிவிடும். முளைக்கும்போது மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டு, குறிப்பாக முன்பற்களில், சாம்பலாகவும் பழுப்பாகவும் மாறும். கறை டென்டினில் இருப்பதால் எனாமலைச் சுரண்டிப் பயனில்லை. சுரண்டினால் கறை இன்னும் தெளிவாகத் தெரியும்!

விளையாடும்போது அடிபட்டு, நரம்பு செத்துக் கருத்த ஒற்றைப் பல்லும் உண்டு. அதற்கு வேர் சிகிச்சை செய்து, உள்ளிருந்தே வெளுக்கவைக்கும் முறை இருக்கிறது. முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒட்டுவதற்கு முன்னால்

வெனீர் விளம்பரங்களில் இந்தப் பகுதி இருக்காது. நான் இங்கேதான் அதிக நேரம் செலவழித்தேன்.

வீட்டிலேயே வெளுக்கவைக்கும் முறையை ஹேவுட், ஹைமன் என்ற இரு மருத்துவர்கள் 1989இல் வெளியிட்டார்கள். பல்லுக்கு அளவெடுத்துச் செய்த மெல்லிய பிளாஸ்டிக் தட்டில் 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு களிம்பை வைத்து இரவில் அணிவது. அது உடைந்து ஏறத்தாழ 3.5 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடாக வேலை செய்கிறது. சாதாரண மஞ்சளுக்கு இரண்டு, மூன்று வாரம் போதும். ஃபுளூரோசிஸ் காவிக்குக் கூடுதலாக ஆகும். டெட்ராசைக்ளினுக்குப் பல மாதங்கள், சில சமயம் ஆறு மாதத்துக்கும் மேல். பொறுமையிருப்பவர்களுக்கு அதிலும் நல்ல பலன் உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. பற்கூச்சம் வரும், பெரும்பாலும் நிறுத்தினால் போய்விடும். ஐரோப்பாவில் வசிக்கும் வாசகர்களுக்கு: அங்கே 2012 முதல் 6 சதவீதத்துக்கு மேற்பட்ட பெராக்சைடுக்கு அனுமதி இல்லை. 0.1 சதவீதத்தைத் தாண்டினாலே பல் மருத்துவர் வழியாகத்தான் வாங்க முடியும்.

ஃபுளூரோசிஸ் உள்ளவர்கள் இதில் ஒன்றை எதிர்பார்க்க வேண்டும். முதல் வாரத்தில் வெள்ளைத் திட்டுகள் இன்னும் வெளுத்துப் பளிச்சென்று தெரியும். பயப்பட வேண்டாம். சுற்றியிருக்கும் பல்லும் வெளுத்த பிறகு வித்தியாசம் குறைந்துவிடும்.

அடுத்தது நுண்தேய்ப்பு. ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்துகளும் கலந்த பசையால் எனாமலின் மேலடுக்கை 0.1 மி.மீ. அளவுக்குத் தேய்த்து எடுப்பது. காவி பெரும்பாலும் மேலடுக்கிலேயே ஊறியிருப்பதால் ஃபுளூரோசிஸுக்கு இது நன்றாகக் கைகொடுக்கிறது.

மூன்றாவது பிசின் ஊட்டல். 2009 வாக்கில் சந்தைக்கு வந்த முறை. இதன் இயற்பியல் எனக்கு மிகவும் பிடித்தது. காய்ந்த வேட்டி வெள்ளையாக இருக்கிறது, நனைந்தால் உள்ளே இருப்பது தெரிகிறது. ஏன்? காய்ந்த நூலிழைகளுக்கு இடையே காற்று இருக்கும்; ஒளி ஒவ்வோர் எல்லையிலும் சிதறி வெள்ளையாகத் தெரியும். நீர் காற்றின் இடத்தைப் பிடித்ததும் சிதறல் குறைகிறது. எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62. காற்றுக்கு 1, நீருக்கு 1.33. வெள்ளைத் திட்டின் நுண்துளைகளை அமிலத்தால் திறந்து, 1.52 எண்ணுள்ள நீர்த்த பிசினை உறிஞ்சவைத்தால் திட்டு கண்ணிலிருந்து மறைகிறது. எனாமலை உளியால் தொடவே வேண்டியதில்லை. குழிவிழுந்த, ஆழமான ஃபுளூரோசிஸுக்கு இது போதாது. இளம் திட்டுகளுக்குப் போதும்.

இவை எல்லாம் செய்தும் கறை முழுதாகப் போகாமல் இருக்கலாம். பாதி போனாலும் லாபம்தான். ஏனென்று பீங்கானைப் பற்றிச் சொல்லும்போது புரியும்.

பசையின் வரலாறு

1928இல் ஹாலிவுட்டுக்கு அருகில் தொழில் செய்துவந்த சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர், நடிகர்களின் பற்களுக்கு மெல்லிய தகடுகள் செய்து கொடுத்தார். பொய்ப்பல் செட்டை ஒட்டும் பொடியால் ஒட்டியவை. படப்பிடிப்பு முடிந்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். சாப்பிட முடியாது. அதாவது தகடு அன்றே இருந்தது, பசைதான் இல்லை.

பசைக்கு வழி திறந்தவர் மைக்கேல் புவோனகோர். 1955இல், பாஸ்பாரிக் அமிலத்தால் எனாமலைச் சில நொடிகள் அரித்தால் அதில் நுண்ணிய மேடுபள்ளங்கள் உண்டாகி, பிசின் கெட்டியாகக் கவ்விக்கொள்ளும் என்று காட்டினார். கப்பலுக்கு வண்ணம் பூசுமுன் இரும்பை அமிலத்தால் கழுவுவதிலிருந்து வந்த யோசனை என்பார்கள். 1960களில் ராஃபேல் போவன் உருவாக்கிய பிசின் இன்றைய காம்போசிட்டுகளுக்கு மூலம். பல்லைப் போலவே பீங்கானையும் அமிலத்தால் அரித்துப் பசை பிடிக்கச் செய்யலாம் என்று 1983இல் சைமன்சனும் கலாமியாவும் காட்டிய பிறகுதான் இன்றைய பீங்கான் வெனீர் பிறந்தது. பீங்கானை அரிக்கும் அமிலம் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம். என் பல்லைக் கெடுத்த அதே தனிமம் பீங்கான் ஒட்டுவதற்கும் வேண்டியிருக்கிறது!

இந்த ஒட்டுதான் வெனீரின் உயிர்நாடி. எனாமலின் விறைப்பு சுமார் 80 கிகாபாஸ்கல். பீங்கானும் கிட்டத்தட்ட அதே அளவு. டென்டின் 18 அளவுதான். காங்கிரீட் தரையில் ஒட்டிய டைல்ஸ் மீது வண்டியே போகலாம். அதே டைல்ஸை மெத்தையின் மேல் வைத்து ஏறி நின்றால் உடையும். எனாமல் மீது ஒட்டிய வெனீர் முதல் வகை. எனாமல் முழுக்க இழைக்கப்பட்டு டென்டின் மீது ஒட்டியது இரண்டாம் வகைக்கு நெருங்கி வருகிறது. டென்டினில் பசை பிடிப்பும் எனாமல் அளவுக்கு நிலைப்பதில்லை. ஆகவே, எந்த வெனீர் என்பதைவிட எதன் மேல் ஒட்டப்படுகிறது என்பது பெரிய கேள்வி.

வகைகள்

காம்போசிட் வெனீர் மிக எளியது. பிசினோடு நுண்கண்ணாடித் துகள் கலந்த பசையை மருத்துவர் நாற்காலியிலேயே அடுக்கடுக்காகப் பூசி, நீல ஒளியால் இறுகவைத்து, செதுக்கி மெருகேற்றுவார். ஒரே நாளில் முடியும். இழைப்பது மிகக் குறைவு, சில பற்களில் இல்லவே இல்லை. விளிம்பு சிதைந்தால் அங்கேயே ஒட்டுப் போடலாம். குறை: நாளடைவில் மெருகு மங்கும், காப்பிக் கறையை வாங்கிக்கொள்ளும், ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் மாற்றவோ புதுப்பிக்கவோ நேரும். மருத்துவரின் கைத்திறமையை முழுக்க நம்பியிருப்பது. இதை ஏழையின் வெனீர் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இருபது வயதுப் பெண்ணுக்கு முதல் வெனீர் போடுவதாக இருந்தால் நான் இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அவளுடைய பல் இன்னும் அறுபது வருஷம் இருக்க வேண்டும்.

பீங்கான் வெனீர்களில் மூத்தது ஃபெல்ட்ஸ்பார் பீங்கான். லேபில் தொழில்நுட்பக் கலைஞர் ஒருவர் பொடியை நீரில் குழைத்துத் தூரிகையால் அடுக்கி, சூளையில் சுட்டு எடுப்பது. அழகில் இதற்கு இணை இல்லை. பல்லின் நுனியில் தெரியும் நீலச் சாயலைக்கூடக் கொண்டுவரலாம். 0.3 மி.மீ. வரை மெல்லியதாகச் செய்ய முடியும். தனியாக வைத்து வளைத்தால் 100 மெகாபாஸ்கலுக்குள் உடையும். எனாமலில் ஒட்டிவிட்டால் பல்லாண்டு நிற்கும்.

அடுத்து, லூசைட் படிகம் சேர்த்து வலுவூட்டியது. அதற்கும் அடுத்து லித்தியம் டைசிலிகேட். ஐ.பி.எஸ். ஈ.மேக்ஸ் என்ற பெயரில் 2005இல் வந்தது. இன்று மருத்துவர்கள் 'ஈமேக்ஸ்' என்றே சொல்கிறார்கள், ஜெராக்ஸ் என்கிற மாதிரி. வலிமை 400 மெகாபாஸ்கலை ஒட்டியது. உருக்கி அச்சில் அழுத்தியோ, கணினி இயந்திரத்தில் கடைந்தோ செய்யலாம். பல நிறங்களிலும், ஒளி ஊடுருவும் பல அளவுகளிலும் கட்டிகள் கிடைக்கின்றன. கறைபட்ட பல்லுக்கு இந்தக் கடைசி விஷயம் முக்கியம்.

சிர்கோனியா 1000 மெகாபாஸ்கல் அளவுக்கு வலிமையானது. ஒளி அதிகம் ஊடுருவும் புதிய வகைகள் அதைவிடக் குறைவு. கறையை நன்றாக மறைக்கும். ஆனால் அதில் கண்ணாடிப் பகுதி இல்லாததால் ஹைட்ரோஃபுளூரிக் அமிலம் அரிப்பதில்லை. மணல் துகளால் அடித்து, தனிப் பூச்சு போட்டுத்தான் ஒட்ட வேண்டும். மெல்லிய வெனீருக்கு என் முதல் தேர்வு அதுவாக இருக்காது. கடைவாய்ப் பல்லுக்குக் கேப் போடுவதற்கு அது ராஜா.

இழைக்காமலே ஒட்டும் வெனீர்களும் உண்டு. லூமினியர்ஸ் என்ற பெயர் விளம்பரங்களால் பிரபலம். பற்கள் சிறியதாகவோ சற்று உள்வாங்கியோ, இடைவெளியோடோ இருந்தால் அருமையான வழி. அடர்ந்த கறைக்கு இது பொருந்துவது அரிது. 0.3 மி.மீ. தகட்டில் அடியிலிருக்கும் நிறம் தெரிந்துவிடும். தெரியாமலிருக்கக் கனம் கூட்டினால் பல் முன்னால் துருத்தும்.

இங்கேதான் முடிச்சு. வெனீர் உயிருள்ள பல் மாதிரி இருக்க வேண்டுமென்றால் ஒளி உள்ளே போய்த் திரும்ப வேண்டும். ஒளி உள்ளே போனால் கறையும் தெரியும். கறையை மறைக்கும் அளவுக்கு ஒளியைத் தடுத்தால் குளியலறை டைல்ஸ் போன்ற செத்த வெண்மை வந்துவிடும். இரண்டும் வேண்டுமென்றால் கனம் வேண்டும்: அடியில் மறைக்கும் அடுக்கு, மேலே ஒளிவிடும் அடுக்கு. கனத்துக்கு இடம் வேண்டுமென்றால் பல்லை இழைக்க வேண்டும். ஈறை ஒட்டிய இடத்தில் எனாமலே 0.3, 0.5 மி.மீ.தான் என்று முன்னால் சொன்னேன். அடர்ந்த டெட்ராசைக்ளின் பல்லுக்கு 0.7, 0.8 மி.மீ. இழைத்தால் அந்த இடத்தில் டென்டின் வெளிவந்துவிடும். கறை எவ்வளவு கருப்போ அவ்வளவு எனாமல் போகும், ஒட்டும் அவ்வளவு பலவீனமாகும். முதலில் வெளுக்கவைத்துக் கறையைப் பாதியாக்கினாலும் லாபம் என்று சொன்னது இதனால்தான். ஒவ்வொரு படி வெளுப்புக்கும் பல்லில் கொஞ்சம் எனாமல் மிச்சமாகிறது.

எவ்வளவு போகிறது என்பதை அளந்த ஆய்வு ஒன்று உண்டு. எடல்ஹாஃப், சோரன்சன் இருவரும் 2002இல் வெளியிட்டது. வெனீருக்கு அதன் வகையைப் பொறுத்துப் பல்லின் கிரீடப் பகுதியில் 3 முதல் 30 சதவீதம் போகிறது. முழு கேப்புக்கு 63 முதல் 72 சதவீதம். மலிவான பல் சுற்றுலாக்களில் 'வெனீர்' என்று சொல்லிப் பற்களைக் கூம்பாகச் செதுக்கிக் கேப் மாட்டிவிடுகிறார்கள் என்ற புகார் சில ஆண்டுகளாகக் கேட்கிறது. இந்தச் சதவீதங்களைப் பார்த்தால் அது சொல்மாற்றம் மட்டுமில்லை என்று தெரியும்.

நான் போட்ட கணக்கு

நான் பார்த்த முதல் மருத்துவர் மேல்வரிசையில் பத்துப் பற்களுக்கும் வெனீர் என்றார். கணினியில் என் சிரிப்பையும் மாற்றிக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. இரண்டாமவர் பொறுமையாக ஒவ்வொரு பல்லிலும் விளக்கடித்துப் பார்த்து, "இதில் எட்டுக்கு இழைப்பே தேவைப்படாது, முயன்று பார்க்கலாம்" என்றார். மூன்றாமவரும் அதையே சொன்னார்.

பத்து வாரம் இரவில் தட்டு அணிந்தேன். பிறகு இரண்டு தடவை நுண்தேய்ப்பு. பக்கப் பற்களில் காவி ஏறக்குறைய போய்விட்டது. அருகில் வந்து பார்த்தால் இளவெண் மேகங்கள் தெரியும். நடுவிலிருக்கும் இரண்டு பற்களில் எனாமல் பெயர்ந்த குழிகள் இருந்தன. அவை எந்த மருந்துக்கும் போகாதவை. அந்த இரண்டுக்கும் லித்தியம் டைசிலிகேட் வெனீர், ஈறுப்பக்கம் 0.3, நடுவில் 0.5 மி.மீ. இழைப்பு. வெளுத்து முடிந்த பல்லில் உடனே ஒட்டக்கூடாது. எனாமலில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பிசினைச் சரியாக இறுகவிடாது, நிறமும் நிலைப்படாது. இரண்டு வாரம் காத்திருந்தோம். ஃபுளூரோசிஸ் எனாமலின் மேலடுக்கு அமிலத்துக்கு எளிதில் அரிபடாது என்பதால் வழக்கத்தைவிட அதிக நேரம் அரிக்க வேண்டியிருந்தது. இது தெரியாத மருத்துவரிடம் தருமபுரிப் பல் போனால் வெனீர் சீக்கிரம் கழன்றுவிடும்.

பத்துப் பல்லும் ஒரே வெண்மையாக இல்லை. நிஜப் பற்கள் யாருக்கும் அப்படி இருப்பதில்லை. கோரைப்பல் எப்போதும் ஒரு சாயல் மஞ்சள். நம் இலக்கியம் பல்லுக்கு முத்தையும் முல்லை அரும்பையும் உவமை சொன்னதை நினைத்துப் பார்க்கிறேன். இரண்டுமே தூய வெள்ளை இல்லை. முத்தில் ஒரு மஞ்சள், அரும்பில் ஒரு பச்சை ஓடும்.

என் தீர்வு எல்லோருக்கும் பொருந்தாது. என் சித்தப்பா மகளுக்கு டெட்ராசைக்ளின் பட்டைகள், சாம்பல் நிறம். ஆறு மாதம் வெளுத்தும் ஈறுப்பக்கம் பட்டை நின்றது. அவளுக்கு ஆறு முன்பற்களில் ஒளி குறைவாக விடும் லித்தியம் டைசிலிகேட் அடித்தளமும், மேலே ஃபெல்ட்ஸ்பார் அடுக்குமாகச் செய்தார்கள். அங்கே இழைப்பு தவிர்க்க முடியாதது. அவள் தெரிந்தே ஒப்புக்கொண்டாள். நாற்பது வயதுக்குப் பிறகு, பள்ளியில் பிள்ளைகள் முன் நின்று பாடம் சொல்பவள்.

பீங்கான் எத்தனை நாள் வரும்? இன்ஸ்புரூக் பல்கலைக்கழகத்தார் 2012இல் வெளியிட்ட கணக்கில் 10 ஆண்டில் 93.5 சதவீதம், 20 ஆண்டில் 83 சதவீதம் நிலைத்திருந்தன. இரவில் பல்லை நறநறவென்று அரைப்பவர்களுக்குத் தோல்வி அதிகம். அவர்கள் இரவுக் காப்புத் தட்டு போட்டே ஆக வேண்டும். முப்பத்தைந்தில் வெனீர் போடுபவர் ஆயுளில் ஒரு தடவையாவது மாற்றுவார் என்று வைத்துக்கொள்வது நியாயம். மாற்றும்போது பழையதைக் குடைந்து எடுக்கையில் இன்னும் கொஞ்சம் எனாமல் போகும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பல்லைத் தொடுமுன் மாதிரி காட்டச் சொல்லுங்கள். மெழுகில் வடிவம் செய்து, அதன் அச்சில் தற்காலிகப் பிசினை ஊற்றி உங்கள் வாயிலேயே போட்டுக் காட்ட முடியும். அந்த மாதிரியின் மேலேயே ஆழம் அளந்து இழைத்தால் தேவைக்கு மேல் ஒரு துளியும் போகாது. விளிம்பு எல்லாம் எனாமலில் நிற்குமா என்று நேராகக் கேளுங்கள். 'வெனீர்' என்று சொல்லும்போது பல்லைச் சுற்றிலும் செதுக்குவார்களா என்றும் கேளுங்கள். சுற்றிலும் என்றால் அது கேப். ஒட்டும் நாளில், நிறம் காட்டும் தற்காலிகப் பசையோடு வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கக் கண்ணாடி கேளுங்கள். கறைபட்ட பல்லில் பசையின் நிறம்கூட முடிவை மாற்றும். பல் மருத்துவ உரிமம் இல்லாதவர்கள் அழகு நிலையத்தில் ஒட்டித் தருவதும் அமெரிக்காவில் நடக்கிறது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

அமெரிக்காவில் பீங்கான் வெனீர் பல்லொன்றுக்கு ஆயிரம் முதல் இரண்டாயிரத்து ஐநூறு டாலர் வரை கேட்கிறார்கள். அழகுக்கானது என்று காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும். எனாமல் பெயர்ந்த பல் என்று மருத்துவர் படத்தோடு எழுதிக்கொடுத்தால் கேட்டுப் பார்க்கலாம். ஊருக்குப் போகும்போது செய்துகொள்வது பலருடைய திட்டம். சென்னையிலும் கோவையிலும் மிக நல்ல மருத்துவர்களும் லேப்களும் இருக்கிறார்கள், செலவும் குறைவு. மூன்று வார விடுமுறையில்தான் இடிக்கிறது. வெளுப்பது, காத்திருப்பது, மாதிரி பார்ப்பது, லேபில் செய்வது, ஒட்டிய பின் கடியைச் சரிபார்ப்பது எல்லாம் அதற்குள் அடங்காது. வெளுப்பதையும் நுண்தேய்ப்பையும் இங்கே முடித்துக்கொண்டு, ஊரில் வெனீரை மட்டும் செய்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

எங்கே செய்தாலும் மூன்று விவரங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: எந்தப் பீங்கான், எந்த நிற எண், எந்தப் பசை. பத்து ஆண்டு கழித்து ஒரு வெனீர் உடையும்போது நாம் வேறு ஊரில், வேறு நாட்டில் இருப்போம். அங்கிருக்கும் மருத்துவர் பக்கத்துப் பல்லோடு நிறம் சேர்க்க அந்தத் துண்டுச் சீட்டைத்தான் கேட்பார். நான் என்னுடையதைப் பாஸ்போர்ட் வைக்கும் உறையில் வைத்திருக்கிறேன்.